பச்சை மக் தேடி ஐந்து நாள்: ஒஹாயோ பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்: ஸ்பிரிங்ஃபீல்ட்

காலை எட்டரைக்குக் கொலம்பஸில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம், நானும் அத்தையும். அத்தை என் மாமியார். கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, லீவு கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று கார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

தேடிப் போவது ஒரு காபி மக்கை. 2011-இல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஐம்பது சென்ட்டுக்கு ஒரு மக் வாங்கினேன். வெளிர் பச்சைக் கண்ணாடி. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கினால் தோலை ஒட்டி ஒரு பச்சை தெரியுமே, அதில் பாலைக் கலந்தது போன்ற நிறம். அதற்கு ஜேடைட் என்று பெயர் என்பதோ, ஃபயர் கிங் என்ற பழைய முத்திரை என்பதோ அப்போது தெரியாது. பதின்மூன்று வருடம் அதில்தான் காலைக் காபி. போன டிசம்பரில் கழுவும்போது கை நழுவிவிட்டது. காது தனியாக, மக் தனியாகத் தொட்டியில் கிடந்தது. அந்தக் காதை இன்னும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஆன்லைனில் ஒன்று வாங்கிப் பார்த்தேன். பெட்டியை வாசலில் எடுக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். இனி கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். மக் செய்த ஊர்களே இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்றதும் அத்தையும் சரி என்றுவிட்டார்.

ஸ்பிரிங்ஃபீல்ட் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 70-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய பழம்பொருள் அங்காடி. ஒவ்வொரு வியாபாரியும் ஒரு தடுப்பை வாடகைக்கு எடுத்துச் சாமானை அடுக்கி, விலைச்சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். விற்கிற வேலையை அங்காடிக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். விலை கூடின பொருள்கள் பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருக்கும். கூப்பிட்டால் சாவியோடு ஒருவர் வருவார்.

இந்த மாதிரி இடத்தில் பழகியவர்கள் எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். அடியில் இருக்கிற முத்திரைதான் ஜாதகம். ஃபயர் கிங்கில் பழைய அச்சு என்றால் அந்தப் பெயர் மட்டும் இருக்கும். பின்னால் வந்தவற்றில் அதைச் செய்த ஆங்கர் ஹாக்கிங் நிறுவனத்தின் பெயரும் நங்கூரச் சின்னமும் சேர்ந்துகொள்ளும். அத்தைக்கு இதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நுழைந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் ஒரு சொம்பைத் திருப்பினால் யார் வீட்டுச் சீர், எந்த வருஷம் என்று புள்ளி எழுத்தில் வெட்டியிருக்கும் இல்லையா, அந்தப் பழக்கம்.

மூன்றாவது வரிசையில், பூட்டிய அலமாரிக்குள் என் மக் இருந்தது. நேரான சுவர், அடியில் மட்டும் லேசான வளைவு, ஆங்கில டி எழுத்து மாதிரி காது. 48 டாலர்.

என் கையிலிருந்த சின்னப் புற ஊதாக்கதிர் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மக் சும்மா இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பச்சை அளவுக் கோப்பை மட்டும் பளீரென்று எரிந்தது.

"என்னம்மா இது, ரேடியமா?" என்றார் அத்தை.

கிட்டத்தட்ட அதுதான். பென்சில்வேனியாவில் ஜெனட் என்ற ஊரில் ஜெனட் கிளாஸ், மெக்கீ கிளாஸ் என்று இரண்டு நிறுவனங்கள் 1930களிலேயே இந்தப் பச்சையைச் செய்தன. அந்தக் கால உருப்படிகள் பலவற்றில் யுரேனியம் கலந்திருக்கும். டார்ச் அடித்தால் ஒளிரும். ஃபயர் கிங் 1940களில் இறங்கி 1970களின் நடுப்பகுதிவரை செய்தது. அதில் பொதுவாக ஒளிராது. ஆக, டார்ச் பார்த்தே பெரும்பாலும் தாத்தா எது, பேரன் எது என்று சொல்லிவிடலாம்.

48 டாலர் எனக்கு ஒப்பவில்லை. அரை டாலருக்கு வாங்கின கை. வாங்காமல் வந்துவிட்டேன். இரவு லங்காஸ்டரில் தங்கல்.

இரண்டாம் நாள், வியாழன்: லங்காஸ்டர்

இந்த ஊரில்தான் என் மக் பிறந்தது. 1905-இல் ஐசக் காலின்ஸ் என்பவர் சிலரோடு சேர்ந்து இங்கே ஹாக்கிங் கிளாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊரையொட்டி ஓடும் ஹாக்கிங் ஆற்றின் பெயர்தான் அது. முதல் தொழிற்சாலை, அதற்கு முன் கரித் தொழிற்சாலையாக இருந்த கட்டிடம். கரி படிந்து எல்லாமே கறுப்பாக இருந்ததால் 'கறுப்புப் பூனை' என்று கூப்பிட்டார்களாம். 1924-இல் அது தீப்பிடித்து அழிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1937-இல் ஆங்கர் கேப் நிறுவனத்தோடு இணைந்து ஆங்கர் ஹாக்கிங் ஆனது. 1942-இல் ஃபயர் கிங்.

மெயின் தெருவிலேயே ஒஹாயோ கண்ணாடி அருங்காட்சியகம். சின்ன இடம்தான், ஆனால் நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். உலையிலிருந்து குழம்பை எடுத்து ஒருவர் ஊதிக் காட்டினார். அழகு. ஆனால் என் மக் ஊதிச் செய்ததல்ல, அழுத்திச் செய்தது. உருகிய கண்ணாடியில் ஒரு கட்டியை இரும்பு அச்சுக்குள் விழவிட்டு, மேலிருந்து ஓர் உலக்கை இறங்கி அழுத்த வேண்டும். சுவர், அடி, காது எல்லாம் ஒரே அழுத்தில். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு விழும். என் பழைய மக்கில் அந்தக் கோடு காதின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருடம் காலையில் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் தடவியிருக்கிறது. என்ன கோடு என்று யோசித்ததே இல்லை. இன்று அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றபோது விரல்தான் முதலில் ஞாபகப்படுத்தியது.

அழுத்துகிற வேலையை யந்திரத்துக்குக் கொடுத்ததால்தான் இது ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது ஹாக்கிங் தன் டம்ளர்களை ஐந்து சென்ட்டுக்கு இரண்டு என்று விற்றது. பிறகு வந்த ஃபயர் கிங் பண்டங்கள் மாவு மூட்டைக்குள்ளும் ஓட்ஸ் டப்பாவுக்குள்ளும் இனாமாகக்கூட வந்தன. 1990களில், சமையல், வீட்டு அலங்கார நிகழ்ச்சிகளால் பேர்பெற்ற மார்த்தா ஸ்டூவர்ட் தன் ஜேடைட் சேகரிப்பை டிவியிலும் பத்திரிகையிலும் காட்டிய பிறகுதான் விலை ஏறி, பரணில் கிடந்தவையெல்லாம் பூட்டிய அலமாரிக்குப் போயின. அலமாரிக்குள் வைப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மதியம் இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் வெள்ளை ஃபயர் கிங் மக்குகள் அடுக்கடுக்காக இருந்தன: பேங்க் பெயர் போட்டது, காப்பீட்டுக் கம்பெனி பெயர் போட்டது, 1970களில் மெக்டொனால்ட்ஸ் கொடுத்த 'குட் மார்னிங்' மக். பச்சை இல்லை. கடைக்கார அம்மாள் சொன்னார், இந்த ஊரில் ஹாக்கிங்கில் யாராவது ஒருவர் வேலை பார்க்காத வீடு அபூர்வம் என்று. அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் இருந்த பச்சை மக்குகள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். "குடித்தோம், உடைந்துபோயின" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி: சேன்ஸ்வில், கேம்பிரிட்ஜ்

சேன்ஸ்வில்லில் ஒய் எழுத்து வடிவத்தில் ஒரு பாலம் இருக்கிறது. ஆற்றின் நடுவில் போய் இரண்டாகப் பிரியும். "பாலத்துக்கு நடுவுலயே திரும்பணுமா!" என்று அத்தை ஆச்சரியப்பட்டதால் இரண்டு தடவை போய் வந்தோம்.

இந்த வட்டாரம் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. பக்கத்தில் ரோஸ்வில்லில் மெக்காய் நிறுவனம் இருந்தது. 1970களில் வந்த மஞ்சள் சிரிப்பு முக மக் அவர்களுடையதுதான்.

சேன்ஸ்வில் கடையொன்றில் என் மக் மறுபடி கண்ணில் பட்டது. 15 டாலர். நெஞ்சு படபடத்தது. எடுத்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன்; வாய் வைக்கிற இடத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. அரிசி முனை அளவுதான் இருக்கும். பென்சில் போட்டு வைக்கலாம், செடி வைக்கலாம். காபி குடிக்க முடியாது. திருப்பி வைத்துவிட்டேன். இன்னொரு கடையில் 'பழைய ஜேடைட்' என்று சீட்டு ஒட்டிய ஒரு மக். நிறம் ஒரே சீராக, அடியில் முத்திரையே இல்லாமல், புத்தம் புதிதாக வழவழவென்று இருந்தது. முத்திரை இல்லாத பழைய உருப்படிகளும் உண்டுதான். ஆனால் எழுபது வருடம் மேசையில் உரசிய அடியில் நுண்ணிய கீறல்கள் இல்லாமல் இருக்காது.

புதிதாகச் செய்வதில் தப்பே இல்லை, புதிது என்று சொல்லிவிட்டால். கேம்பிரிட்ஜில் மோசர் கிளாஸ் அப்படித்தான் செய்கிறது. குடும்பத் தொழில், இன்றும் அச்சில் கையால் அழுத்துகிறார்கள். ஜேடைட் கேக் ஸ்டாண்டுகள் வரிசையாக நின்றன. கண் நிறைந்தது.

ஆனால் இன்றைய நாளின் அதிர்ஷ்டம் வேறு. கேம்பிரிட்ஜ் கடையொன்றில், பலவகைக் கோப்பைகளைக் குப்பையாகப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து அத்தை ஒன்றை வெளியே எடுத்தார். "யம்மா, என்னா கனம்!" தந்த வெள்ளைப் பீங்கான். சுவரே விரல் தடிமன் இருக்கும். இடுப்பு லேசாக உள்வாங்கியிருந்தது. கவிழ்த்தார். 'விக்டர்'.

எனக்குக் குரலே வரவில்லை. நியூயார்க் மாநிலத்தில் விக்டர் என்று ஓர் ஊர். அங்கே மின்கம்பங்களுக்குப் பீங்கான் காப்பான் செய்கிற தொழிற்சாலை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக மக் செய்ய ஆரம்பித்தது. கப்பல் ஆடினாலும் சாயக்கூடாது, விழுந்தாலும் உடையக்கூடாது. போர் முடிந்ததும் அந்த மக் டைனர் என்கிற சாலையோரச் சிறு உணவகங்களுக்கு வந்தது. லாரி ஓட்டுகிறவர்களும் ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்களும் அதில் குடித்தார்கள். பிறகு மலிவான இறக்குமதி வந்து அடித்துப் போட்டுவிட்டது.

"கரண்டு கம்பத்துல வெள்ளையா தொங்குமே, அதே பீங்கானா?" என்று அத்தை கேட்டார். அதேதான். காப்பானுக்குள் ஈரம் இறங்கக்கூடாது, அதனால் மண்ணே கண்ணாடி மாதிரி இறுகும்வரை சுடுவார்கள். மக்குக்கும் அந்தக் குணம் வந்துவிடுகிறது. 6 டாலர்.

இவ்வளவு கனமாக ஏன் செய்தார்கள் என்று ராத்திரி அறையில் அத்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தடித்த சுவர் ஆறின நிலையில் இருந்தால் காபியின் சூட்டை முதலில் அதுவே குடித்துவிடும். அதனால் டைனர்களில் மக்கைக் காபி யந்திரத்தின் மேலேயே கவிழ்த்தோ அடுக்கியோ சூடாக வைத்திருப்பார்கள். சூடேறிய மக் சூட்டை விடாது. வெளியே கனமாக இருந்தாலும் உள்ளே கொஞ்சம்தான் பிடிக்கும், 200 மில்லிக்கு முன்னேபின்னே. தீரத்தீர ஊற்றிக்கொண்டே போவார்கள். கடைசி வாயும் சூடாக இருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கிற மக்குகளில் அரை லிட்டர்கூடப் பிடிக்கிறது, பாதி குடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. "டம்ளரும் அதுக்குத்தானே சின்னதா இருக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை தூங்கிப்போனார்.

நான்காம் நாள், சனி: ஈஸ்ட் லிவர்பூல், நியூவெல்

ஒஹாயோ மாநிலத்தின் கிழக்கு ஓரம். ஆற்றைத் தாண்டினால் மேற்கு வர்ஜீனியா, இந்தப் பக்கம் நடந்தால் பென்சில்வேனியா. 1839-இல் ஜேம்ஸ் பென்னட் என்ற ஆங்கிலேயக் குயவர் இங்கே வந்து, கரையில் நல்ல களிமண் இருப்பதைப் பார்த்துச் சூளை போட்டார். பிறகு ஊர் முழுக்கச் சூளை. பழைய தபால் நிலையக் கட்டிடத்தில் இப்போது மண்பாண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. தாமரைப் பாத்திரம் என்று பெயர் வைத்து 1890களில் செய்த பூவிதழ் போன்ற சாமான்களை எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். நான் சீக்கிரம் நகர்ந்துவிட்டேன். எனக்கு ஹோட்டல் சாமான்தான் வேண்டும்.

பாலம் தாண்டி நியூவெல் போனோம். 1905-இல் கட்டிய தொங்கு பாலம், சுங்கம் கட்டித்தான் போக வேண்டும். ஹோமர் லாஃப்லின் பாத்திர நிறுவனம் அக்கரையில் பெரிய தொழிற்சாலை போடப் போனபோது வந்த பாலம். அந்த நிறுவனம் 2020-இல் ஹோட்டல் சாமான் பிரிவை விற்றுவிட்டு தன் பேர்பெற்ற பாத்திர வரிசையான ஃபியஸ்டாவின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது.

ஃபியஸ்டாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும். 1936-இல் ஃபிரெடரிக் ரீட் என்ற கலைஞர் வடிவமைத்தார். பூவும் கொடியும் போட்ட தட்டுகளின் காலத்தில், ஒரு கோலமும் இல்லாமல், வட்டவட்டமான வரிகளும் பளிச்சென்ற நிறமும் மட்டும். ஒரே செட்டாக வாங்காமல் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று கலந்து வாங்கலாம் என்பது அப்போது புதுசு. அந்தச் சிவப்பு மெருகில் யுரேனிய ஆக்சைடு இருந்தது. போரின்போது அரசாங்கம் யுரேனியத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டதால் 1943-இல் சிவப்பு நின்றுபோனது. 1959-இல் திரும்பி வந்தது. ஒரு சமையலறைச் சாமானின் நிறம் அணுகுண்டு வேலைக்காக நின்றது என்பதைக் கேட்டு அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாத்திரத்துக்குப் பித்தளை கிடைக்காம போச்சுன்னு எங்க ஆச்சி சொல்லும், அதுவும் அந்தச் சண்டையிலதான்" என்றார்.

பழைய ஃபியஸ்டாவில் ஒரு மக் உண்டு. சேகரிப்பவர்கள் அதை 'டாம் அண்ட் ஜெர்ரி' என்பார்கள். கார்ட்டூனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முட்டையும் சூடான பாலும் ரம்மும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் காலத்தில் குடிக்கிற பானத்தின் பெயர் அது, கார்ட்டூனைவிடப் பழையது. வட்டமான காதுள்ள அந்த மக், 1959-க்குப் பிறகு பத்து வருடம் மட்டும் வந்த நடுப்பச்சை நிறத்தில் கிடைத்தால் அபூர்வம். இன்று கடைத்தெருவில் மஞ்சளில் ஒன்று பார்த்தேன். எடுத்துப் பிடித்தேன். விரல் காதுக்குள் போனதும் நின்றுகொண்டது, அழுத்திப் பிடிக்கவே தேவையில்லை. 1930களில் வரைந்த கோடு இன்று என் விரலுக்குப் பொருந்துகிறது.

தொழிற்சாலைக் கடையில் இரண்டாம் தரச் சாமான்களுக்குத் தனி இடம். மெருகில் ஒரு புள்ளி, அடியில் ஒரு வழிசல், அவ்வளவுதான் குறை. அத்தை ஒரு டர்க்காய்ஸ் நீல மக்கை உள்ளங்கையில் நிறுத்தி ஆள்காட்டி விரலால் சுண்டினார். 'ணங்' என்றது. அடுத்தது, 'ணங்'. மூன்றாவது 'பொத்' என்றது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். காது சேர்கிற இடத்தில் முடி போல ஒரு விரிசல். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். பானை வாங்கின பழக்கம் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் கூடையிலிருந்த ஆறு கிண்ணங்களையும் எடுத்து நீட்டிவிட்டார். அத்தை ஆறையும் சுண்டி, ஒன்றை மாற்றச் சொன்னார். நீல மக் இரண்டு வாங்கினோம்.

எல்லாம் ஆயிற்று. பச்சை மக் மட்டும் இல்லை. ராத்திரி அறையில் உட்கார்ந்திருந்தபோது அத்தை சொன்னார்: "ஏம்மா, மொத நா பாத்ததே கண்ணுல நிக்கிதுல்ல? விலை வெலைன்னு பாத்தா, அதுல நீ எத்தனை வருசம் குடிப்பே?"

கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போன் போட்டேன். மக் இன்னும் இருந்தது. நாளை மாலைவரை எடுத்து வைக்கிறேன் என்றார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: திரும்பும் வழி

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். கொலம்பஸில் நம் வீட்டுக்குப் பிரியும் பாதையைத் தாண்டியே போனோம். இவருக்குப் போனில் சொன்னபோது சிரித்தார்.

அங்காடியில் சாவிக்காரர் மக்கைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். பிரித்து, விளிம்பைச் சுற்றி ஒரு முறை விரலை ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. காதின் நடுவில் அந்தக் கோடு. 48 டாலரையும் வரியையும் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் யந்திரத்தில் போடாமல் (அந்தச் சோப்பில் ஜேடைட்டின் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது) கையால் கழுவினேன். அடியில் இருந்த விலைச்சீட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தபோது, முத்திரைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. நகப்பூச்சு. சின்னத் தூரிகையால் கவனமாக எழுதின இரண்டு எழுத்து: ஹெச், பி. இங்கே சர்ச் விருந்துகளுக்கு ஆளுக்கொரு சாமான் கொண்டுபோவார்கள். மாறிவிடாமல் இருக்க அடியில் பெயர் எழுதுவது வழக்கம்.

அசிட்டோன் வைத்துத் துடைத்துவிடலாமா என்று கேட்டேன். அத்தை மக்கை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்.

"பேர் போட்டுருக்கா. அழிக்காத."

அவருக்கு விக்டரில், எனக்குப் பச்சையில், இவருக்கு நீலத்தில். மூன்றையும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டேன். டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது, பால் பொங்கப் போகிறது. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.